ஐ-ஏழும் ஐ-ஐந்தும் என் சீட்டுப் பணமும்

வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்க்கிறோம். புடவைக் கடையில் முந்தானையைத் திருப்பி உள்பக்கத்து நூலைப் பார்க்காமல் பில் போட விடுவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் வாங்குவது என்று வந்துவிட்டால் மட்டும், "அதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம், பசங்களுக்குத் தெரியும்" என்று கடை வாசலில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறோம். பணம் மட்டும் நம் சீட்டுப் பணம்!

நான் பிளஸ் டூ வரை படித்தவள். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கரண்ட் பில் கட்டுவதும், எங்கள் மகளிர் குழுவின் வரவு செலவைக் கட்டம் போட்டு ஏற்றுவதும்தான். அப்படிப்பட்ட நான் பிராஸஸரைப் பற்றி எழுதுகிறேனே என்று சிரிக்காதீர்கள். சென்ற கார்த்திகையில் பத்துப் பதினைந்து ராத்திரி, சமையலறை விளக்கை அணைத்த பிறகு, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக் குறித்துக் கற்றுக்கொண்ட விஷயம் இது.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2017-ல் வாங்கியது. அதில் ஓடிய விண்டோஸ் 10-க்கு மைக்ரோஸாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இன்னும் ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெற வழி வைத்திருந்தார்கள். சரி, விண்டோஸ் 11-க்கே மாறிவிடலாம் என்றால், அது இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. எங்களுடையது ஏழாம் தலைமுறை. ஒரே ஒரு தலைமுறையில் தவறிவிட்டது! அதோடு, விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் பெண், வீடியோ வெட்டி ஒட்டிக் காலேஜுக்குக் கொடுக்க வேண்டும். பத்து நிமிஷப் படம் ஒன்றைக் கோத்து வெளியே எடுக்க அந்தக் கிழட்டு மெஷின் 46 நிமிஷம் எடுத்துக்கொண்டது. அவள் ராத்திரி இரண்டு மணிக்கு மேஜையிலேயே தலை வைத்துத் தூங்குவதைப் பார்த்த பிறகு, புதிது வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை.

சீட்டில் எனக்கு விழுந்த தொகை 70,000 ரூபாய். அதில் இன்னொரு செலவும் காத்திருந்தது. என் மாமியாருக்கு எழுபத்து நான்கு வயது. இரண்டு வருஷமாகக் காது கேட்பது குறைந்துகொண்டே வந்து, வீட்டில் நாலு பேர் பேசிச் சிரித்தால் அவரும் சும்மாவாவது சிரிக்க ஆரம்பித்திருந்தார். டாக்டர் சொன்ன காது கருவி 31,000 ரூபாய். "எனக்கு எதுக்கும்மா, வயசான காலத்துல? புள்ளைங்களுக்கு மெஷின் வாங்கு" என்றார் அத்தை. அவர் அப்படித்தான் சொல்வார். அதற்காக விட்டுவிட முடியுமா?

மானிட்டர், கீபோர்டு எல்லாம் நல்ல நிலையில்தான் இருந்தன. பெட்டியின் உள்ளே இருப்பதை மாற்றினால் போதும். முதலில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனோம். ஒரு கடையில், கேள்வி கேட்டது நான். பதில் போனது என் கணவருக்கு. "பாப்பா வீடியோ எடிட்டிங்கா ஸார்? அப்ப ஐ-7 போட்டுடலாம் ஸார். பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்" என்று கால்குலேட்டரைத் தட்டி அவர் நீட்டிய தொகை 74,300. மொத்தச் சீட்டும் போய், மேலே 4,300 கையிலிருந்து போட வேண்டும். காதுக் கருவி? "யோசிச்சுச் சொல்றோம்" என்று நான்தான் எழுந்தேன். வழியெல்லாம் பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

அன்று ராத்திரி நான் செய்த முதல் வேலை, புதிதைப் பற்றி அல்ல, பழசைப் பற்றித் தெரிந்துகொண்டது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்று ஒரு பக்கம் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பகுதியில், பிராஸஸர் எத்தனை சதவிகிதம் உழைக்கிறது, ரேம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, டிஸ்க் எப்படி ஓடுகிறது என்று கோடு கோடாக ஏறி இறங்கும். நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரிதான். நாலு நாள் பார்த்தேன். காலையில் மெஷினைப் போட்டதும் ஐந்து நிமிஷம் திணறுகிறதே, அப்போது பிராஸஸர் சும்மாதான் இருந்தது. டிஸ்க்தான் நூறு சதவிகிதத்தில் தவித்தது. அது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். நான் கரண்ட் பில் கட்டும்போதும், பையன் பாடம் பார்க்கும்போதும் பிராஸஸர் பத்து இருபதைத் தாண்டவில்லை. பெண் வீடியோவைக் கோத்து வெளியே எடுக்கும்போதுதான் நூறில் போய் நின்றது, எட்டு ஜி.பி. ரேமும் விளிம்பு வரை நிரம்பியது.

ஆக, எல்லாப் பழியையும் பிராஸஸர் தலையில் போட்டது தப்பு நோய்க்கு மருந்து கொடுக்கிற கதை. எங்களுக்கு வேண்டியது மூன்று: வீடியோ வேலைக்குக் கொஞ்சம் கைதேர்ந்த பிராஸஸர், இன்னொரு எட்டு ஜி.பி. ரேம், பழைய டிஸ்குக்குப் பதில் ஒரு எஸ்.எஸ்.டி. பிராஸஸருக்கே பணத்தைக் கொட்டிவிட்டு மற்ற இரண்டில் மிச்சம் பிடித்தால் மெஷின் மறுபடியும் திணறும்.

இனி பிராஸஸர். ஏறக்குறைய தீப்பெட்டி அளவுள்ள ஒரு தகடு அது. அதற்குள்தான் எல்லாக் கணக்கும் நடக்கிறது. (1971-ல் இன்டெல் வெளியிட்ட முதல் மைக்ரோ பிராஸஸரான 4004, ஒரு ஜப்பானியக் கால்குலேட்டர் கம்பெனிக்காகச் செய்யப்பட்டதாம். அதில் 2,300 டிரான்ஸிஸ்டர்கள். இன்றையவற்றில் கோடிக்கணக்கில்!) அதன் குறிப்புத் தாளைப் படித்தால் கோர், த்ரெட், கிகாஹெர்ட்ஸ், கேஷ் என்று தலை சுற்றும். நான் எனக்குத் தெரிந்த இடத்தில் வைத்துப் புரிந்துகொண்டேன்.

கோர் என்றால் அடுப்பு. நாலு கோர் என்றால் நாலு பர்னர். ஆறு கோர் என்றால் ஆறு. த்ரெட் என்றால், ஒரே அடுப்பில் பால் காயும் இடைவெளியில் தாளிப்பையும் முடித்துக்கொள்கிற சாமர்த்தியம்: ஆறு அடுப்பில் பன்னிரண்டு வேலை. கிகாஹெர்ட்ஸ் என்பது தீயின் வேகம். கேஷ் என்பது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அஞ்சறைப்பெட்டி. ரேம் என்பது சமையல் மேடை. டிஸ்க் என்பது ஸ்டோர் ரூம். அஞ்சறைப்பெட்டி சின்னதாக இருந்தால் ஒவ்வொரு சீரகத்துக்கும் மேடைவரை கை நீட்ட வேண்டும்; மேடையிலும் இடமில்லை என்றால் ஸ்டோர் ரூமுக்கே நடக்க வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். நாலு பேருக்கு உப்புமா கிண்டுகிற வீட்டில் இருபது அடுப்பு இருந்தாலும் உப்புமா சீக்கிரம் ஆகாது. கரண்ட் பில் கட்டுவதும் கடிதம் அடிப்பதும் உப்புமா. வீடியோ வேலை, கல்யாணச் சமையல். அங்கேதான் கூடுதல் அடுப்புக்கு வேலை உண்டு.

அடுத்தது பெயர். ஐ-3, ஐ-5, ஐ-7 என்பதைக் கேட்டு, ஏழு பெரிசு என்று முடிவுகட்டி விடுகிறார்கள். என் கணவரின் ஆபீஸ் நண்பர் ஒருவர், "என்கிட்ட பழைய ஐ-7 மெஷின் இருக்கு, 12,000-க்குத் தரேன்" என்றார். இவருக்கு ஒரே சந்தோஷம். "ஐ-7 ஆச்சே! இவ்வளவு மலிவா யார் தருவா?" என்றார்.

"ஏங்க, முழு நம்பர் என்னன்னு கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றேன்.

வந்த நம்பர் ஐ7-3770. அதில் 3 என்பது தலைமுறை. 770 அந்தத் தலைமுறைக்குள் அதன் படி. அது 2012-ல் வந்த மெஷின். நாலு கோர், எட்டு த்ரெட். 2022-ல் வந்த ஐ3-12100-க்கும் அதே நாலு கோர், எட்டு த்ரெட்தான். தீயின் வேகமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே சோதனையில் ஓடவிட்டு மதிப்பெண் போடுகிறார்களே, 'பாஸ்மார்க்' என்று, அதில் ஐ-3 ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்குகிறது! அதே தீ, அதே எண்ணிக்கையில் அடுப்பு. ஒன்றில் வைத்தது வெண்கலப் பானை, மற்றதில் வைத்தது குக்கர். தலைமுறை என்பது அதுதான். போதாக்குறைக்கு, மூன்றாம் தலைமுறைக்கும் விண்டோஸ் 11 கதவைத் திறக்காது. 12,000 கொடுத்து நம் வீட்டுப் பழசுக்கு ஓர் அண்ணனைக் கூட்டி வருவானேன்? இவர் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எங்கள் பழைய மெஷினின் முழு நம்பர் ஐ5-7400. நான் விசாரித்த புதியவற்றில் ஒன்று ஐ5-12400. அதே ஐ-5, அதே 400. தலைமுறை மட்டும் ஏழுக்குப் பன்னிரண்டு. பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயமே பிடிபட்டது. பழசில் நாலு கோர், நாலு த்ரெட். புதிதில் ஆறு, பன்னிரண்டு. கேஷ் பழசில் 6 எம்.பி., புதிதில் 18. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் அடிப்படை வேகமோ பழசில் 3 கிகாஹெர்ட்ஸ், புதிதில் இரண்டரைதான்! வேலை வந்தால் புதிது 4.4 வரை தானே ஏற்றிக்கொள்கிறது. பழசு மூன்றரையோடு நின்றுவிடும். அடிப்படை வேகத்தை மட்டும் பார்த்து வாங்கினால் பழசே மேல் என்று ஆகிவிடும்.

கடைக்காரர் சொன்ன ஐ7-14700-ஐயும் அநியாயமாகக் குறை சொல்லக் கூடாது. பெரிய கோர் எட்டு, சின்ன கோர் பன்னிரண்டு, ஆக இருபது கோர், 28 த்ரெட். தலைமைச் சமையற்காரர் எட்டுப் பேர், காய் நறுக்க உதவியாள் பன்னிரண்டு பேர். தினமும் மணிக்கணக்கில் வீடியோ வேலை செய்து சம்பாதிப்பவர்களுக்கு அது தகும். வாரத்துக்கு இரண்டு பத்து நிமிஷப் படம் செய்யும் காலேஜ் பெண்ணுக்கு? முழு மூச்சில் உழைக்கும்போது அது 219 வாட் வரை இழுக்கும். ஐ5-12400-க்கு உச்சம் 117. நூறு வாட் வித்தியாசம், தினம் மூன்று மணி நேரம், அறுபது நாள் என்று போட்டால் 18 யூனிட். பெரியது வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும் என்பதால் அவ்வளவும் ஆகாதுதான். இருந்தாலும் 500 யூனிட் ஓரத்தில் நிற்கும் வீட்டில் இதையும் பார்க்க வேண்டாமா?

இன்னொன்றும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராஸஸர்கள் சிலவற்றில் மெஷின் திடீர் திடீரென்று நின்றுபோகும் கோளாறு இருந்ததை அந்தக் கம்பெனியே 2024-ல் ஒப்புக்கொண்டு, சரிசெய்யும் திருத்தமும் கொடுத்து, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டித்தது. அவற்றை வாங்குகிறவர்கள் மதர்போர்டின் 'பயாஸ்' திருத்தத்தைப் போட்டுக்கொள்ளச் சொல்வது நல்லது. பன்னிரண்டாம் தலைமுறைக்கு அந்தத் தொல்லை இல்லை.

இதற்குள் பையன் தன் கட்சிக்கு ஆள் சேர்த்துவிட்டான். "அம்மா, இன்டெல்லே எதுக்கும்மா? ஏ.எம்.டி. பாருங்க. ரைஸன் 5 5600ஜி" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதற்கும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். சோதனை மதிப்பெண்ணில் இரண்டும் தோளோடு தோள் நிற்கின்றன. தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்காமல் பிராஸஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸையே நம்புகிறவர்களுக்கு, விளையாட்டு விஷயத்தில் 5600ஜி-யின் கை மேலேதான். அவனுடைய கிரிக்கெட் கேமும் கார் கேமும் அதில் நன்றாக ஓடும். (அதற்காகத்தான் இந்த ஆராய்ச்சி என்பது அவன் அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.)

இரண்டையும் நோட்டில் எதிரெதிராக எழுதி வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். முடிவைச் சொன்னது பிராஸஸர் அல்ல, ரேம். எங்கள் பழைய மெஷினில் இருந்தது டி.டி.ஆர்.4 வகை ரேம், எட்டு ஜி.பி. அது 5600ஜி-க்கும் பொருந்தும். ஐ5-12400-க்கும், அதற்கேற்ற மதர்போர்டு வாங்கினால் பொருந்தும். 2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை தங்கம் மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே பழசைத் தூக்கி எறியாமல், கூட இன்னொரு எட்டு மட்டும் வாங்கினால் பதினாறு ஆகிவிடும். ஆனால் பழசின் வேகம் 2400. புதிதின் வேகம் 3200. இரண்டையும் ஜோடி சேர்த்தால் மெதுவானதன் நடைக்குத்தான் இரண்டும் நடக்கும். பிராஸஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி ரேம் கிடையாது. இந்த ரேமிலிருந்துதான் அதுவும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே 5600ஜி-யின் பெருமையான விளையாட்டுத் திறமை, மெதுவான ரேமோடு சேர்ந்தால் வாடிப்போகும். ஐ5-12400-ல் இன்டெல்லின் 'குயிக் ஸிங்க்' என்ற ஏற்பாடு இருக்கிறது. போனில் எடுத்த வீடியோவைப் பிரிப்பதற்கும் முடிவில் கோப்பதற்கும் அது தனியாகக் கை கொடுக்கிறது. என் பெண் எடுப்பதெல்லாம் போனில்தானே!

ரைஸன் 5 7600-ஐயும் பார்த்தேன். அது உட்காரும் ஏ.எம்.5 என்ற பீடத்துக்கு 2027-ஐத் தாண்டியும் புதிய பிராஸஸர்கள் வரும் என்று ஏ.எம்.டி. சொல்லியிருக்கிறது. நாளைக்குப் பிராஸஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பணம் இருப்பவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதற்கு டி.டி.ஆர்.5 ரேம்தான் ஆகும். பழையது குப்பைக்குப் போகும். விலை கேட்டேன், நோட்டை மூடினேன்.

மறுபடியும் ரிச்சி தெரு, இம்முறை வேறு கடை. இங்கேதான் சகோதரிகள் கவனிக்க வேண்டிய ஓர் எழுத்து வருகிறது. கடைக்காரர் எஸ்டிமேட்டில் "ஐ-5, 12-வது ஜென்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். "முழு நம்பரும் எழுதுங்க" என்றேன். "12400எஃப்" என்று எழுதினார். அந்த 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனியாகக் கார்டு போடாவிட்டால் மானிட்டரில் படமே வராது. குயிக் ஸிங்க்கும் இல்லை. விலை கொஞ்சம் குறைவு என்று மற்றவர்களுக்குக் கொடுத்துப் பழகியிருப்பார் போலிருக்கிறது. "எஃப் இல்லாதது கொடுங்க" என்றதும் அவர் முதல்முறையாக என்னைப் பார்த்துப் பேசினார். 'கே' என்று முடிந்தால், வேகத்தை நாமே ஏற்றிக்கொள்கிற ரகம். அதற்குக் காற்றாடியும் தனியாக வாங்க வேண்டும். 'டி' என்றால் மின்சாரம் குறைவாக எடுப்பது, வேகமும் சற்று மட்டு. ஏ.எம்.டி.யில் 'ஜி' என்றால் நல்ல கிராஃபிக்ஸ் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். 2023 கடைசியிலிருந்து இன்டெல் 'கோர் அல்ட்ரா' என்று பெயரையே மாற்ற ஆரம்பித்துவிட்டதால், அவற்றுக்கு இந்தத் தலைமுறைக் கணக்கு ஒத்துவராது. முழு நம்பரை வைத்து மதிப்பெண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

'ட்ரே' பிராஸஸர் என்று பெட்டியில்லாமல் சில கடைகளில் விலை குறைத்துத் தருகிறார்கள். பெட்டியோடு வாங்கினால் கம்பெனியின் மூன்று வருஷ வாரண்டி உண்டு. 12400-க்குக் காற்றாடியும் பெட்டியிலேயே வரும். பில்லில் சீரியல் நம்பரோடு, 18 சதவிகித ஜி.எஸ்.டி.யையும் காட்டி எழுதி வாங்குங்கள். "பில் வேணாம்னா கொறச்சுத் தரேன்" என்பார்கள். நாளைக்கு வாரண்டி கேட்க எதைக் கொண்டு போவது?

எல்லாம் சேர்த்து 37,200 ரூபாய் ஆயிற்று. வீட்டில் மாட்டி முடித்ததும் மறுபடி அந்த டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பில்லில் உள்ள நம்பரும் அங்கே வரும் பெயரும் ஒன்றுதானா, கோர் 6, லாஜிகல் பிராஸஸர் 12 என்று காட்டுகிறதா, ரேம் பதினாறும் தெரிகிறதா என்று சரிபார்த்தேன். "காய்கறிக்காரன் தராசைப் பாக்கற மாதிரி பாக்கறே" என்றார் இவர். அதே பத்து நிமிஷப் படத்தைப் பெண் ஓட்டினாள். 11 நிமிஷம். மெஷினைப் போட்டதும் விழித்துக்கொள்வது எஸ்.எஸ்.டி.யின் புண்ணியம், அதைப் பிராஸஸர் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அடுத்த வாரம் அத்தைக்குக் கருவி வந்தது. மாட்டிக்கொண்ட அன்று மாலை, "இந்தப் பெட்டி ஏன் 'உய்'னு சத்தம் போடுது?" என்று காற்றாடியைக் கேட்டுச் சொன்னது அவர்தான். எனக்கு அதுவரை அந்தச் சத்தம் காதில் விழவே இல்லை.

கையில் மீதி 1,800 ரூபாய். அதற்கு ஒரு கேமிங் மவுஸ் வாங்கலாம் என்று பையன் ஒரு தாளில் எதிரெதிராக இரண்டு பத்தி எழுதிக்கொண்டு வந்து நிற்கிறான். பேச்சு வார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.